பாறுகள் எங்கே போயின? முப்பதாண்டு விடைகள்: ஒரு மறுபார்வை

உலகின் பெரிய இரைகொல்லிப் பறவைகளில் எண்ணிக்கையில் முதலிடம் வெண்முதுகுப் பாறுக்கே இருக்கக்கூடும் என்று 1985இல் பறவையியலாளர் டேவிட் ஹூஸ்டன் எழுதினார். அக்காலத்தில் வட இந்திய ஊர்களின் எல்லையில், தோலுரித்துப் போட்ட மாட்டைச் சுற்றிப் பாறுகள் கூட்டமாக இறங்குவது யாரும் நின்று பார்க்காத காட்சி. விமானங்களில் மோதி விபத்து உண்டாக்கும் பறவை என்பதால், ஓடுபாதைப் பக்கம் அது வராமல் தடுப்பது எப்படி என்றுதான் ஆய்வாளர்கள் அன்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். 2000ஆம் ஆண்டில் அதே பறவை, உலகச் செம்பட்டியலில் அற்றுப்போகும் ஆபத்து மிகுந்த இனங்களின் வரிசைக்கு வந்துவிட்டது. இடையில் கழிந்தவை 15 ஆண்டுகள்.

இந்த வீழ்ச்சிக்கு அடுத்தடுத்துப் பல விடைகள் சொல்லப்பட்டன. அவற்றுள் ஒன்று வென்றது. வென்ற விடை சரியானதுதான் என்பதில் இன்று பெரிய ஐயம் இல்லை. ஆனால், பாறுகள் ஏன் செத்தன என்பதற்குக் கிடைத்த விடையை, அவை எப்படித் திரும்பும் என்பதற்கான விடையாகவும் நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம். இவை இரண்டு வெவ்வேறு கேள்விகள். இரண்டாவது கேள்வி இன்னும் முடியவில்லை.

பெயரைப் பற்றி ஒரு சொல். பேச்சுத் தமிழில் 'கழுகு' என்பது வேட்டையாடும் பறவைக்கும் பிணம் தின்னும் பறவைக்கும் பொதுவாகிவிட்டது. 'பிணந்தின்னிக் கழுகு' என்ற பெயரில் அருவருப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சங்கப் பாடல்களில் வழங்கும் 'பாறு' என்ற சொல்லைத் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். இக்கட்டுரையும் அச்சொல்லையே ஆள்கிறது.

வீழ்ச்சி எப்படி அளக்கப்பட்டது

முதல் எச்சரிக்கை ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவிலிருந்து வந்தது. அங்கே 1980களின் நடுவில் கூடுகளை எண்ணிவைத்திருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ், 1990களின் பின்பாதியில் மறுபடி எண்ணியபோது பெரும்பாலான கூடுகள் வெறுமையாகக் கிடந்தன. பெரிய பறவைகள் கிளைகளிலேயே தலை தொங்கி உட்கார்ந்திருந்து, பிறகு விழுந்து செத்தன. 1999இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் இத்துறையின் தொடக்கப்புள்ளி.

அதன்பின், 1990களின் தொடக்கத்தில் சாலைவழியே சென்று பறவைகளை எண்ணிய அதே தடங்களில் மீண்டும் மீண்டும் எண்ணினார்கள். 1992 முதல் 2007 வரையிலான காலத்தில் வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடு குறைந்திருந்தது. ஆயிரத்தில் ஒன்று மிஞ்சியது என்று பொருள். கருங்கழுத்துப் பாறும் மெல்லலகுப் பாறும் சேர்ந்து ஏறத்தாழ 97 விழுக்காடு குறைந்திருந்தன. ஒரு கொள்ளைநோய்கூட இவ்வளவு பரந்த நிலப்பரப்பில், இவ்வளவு வேகமாக ஒரு பறவையைத் துடைத்தெடுத்த நிகழ்வு அரிது.

இந்த எண்களை எடுத்தாளும்போது இரண்டு எச்சரிக்கைகள் தேவை. 1980களில் இந்தியாவில் 4 கோடிப் பாறுகள் இருந்தன என்ற எண் செய்திகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அது யாரும் எண்ணிச் சொன்னதல்ல, பின்னோக்கிக் கணித்த மதிப்பீடு. அடுத்தது, 1992இன் அடிப்படைத் தடங்கள் பெரும்பாலும் வட, மேற்கு, கிழக்கு இந்தியாவைச் சேர்ந்தவை. ஆக, 99.9 என்ற எண்ணைத் தமிழ்நாட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. இங்கே எவ்வளவு இருந்தது, எப்போது குறையத் தொடங்கியது என்பதற்கு அந்தத் தரத்தில் ஒரு கணக்கு இல்லை.

திருக்கழுக்குன்றத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. மலைக்கோயிலில் உச்சிவேளையில் வந்து அர்ச்சகர் கையால் பொங்கல் உண்டுபோன இரண்டு வெள்ளைப் பறவைகள், பாறு இனங்களில் சிறியதான மஞ்சள்முகப் பாறுகள். அவை இன்று வருவதில்லை. பாறு வீழ்ச்சிக்கு இதையே சான்றாகக் காட்டுவோர் உண்டு. உணர்வுக்கு அது நெருக்கமான சான்றுதான். ஆயினும் ஓரிணை வராமல் போனதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். அதை மருந்தின் கணக்கில் எழுதுவது சான்றை மிஞ்சிய பேச்சு.

முதல் விடைகள்

தொடக்கத்தில் சொல்லப்பட்ட காரணங்கள் எல்லாம் வேறு பறவைகளின் வரலாற்றிலிருந்து வந்தவை. உணவு குறைந்தது என்றார்கள். கூடு கட்டும் பெருமரங்கள் வெட்டப்பட்டன என்றார்கள். டிடிடி போன்ற பூச்சிக்கொல்லிகள் முட்டையோட்டை மெலிதாக்கி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வல்லூறுகளைக் குறைத்ததை நினைவுகூர்ந்து, இங்கேயும் அதுவாக இருக்கும் என்றார்கள்.

உணவுக் குறைவு என்ற விடை வட இந்தியச் சமவெளியில் நிற்கவில்லை. பாறுகள் மறைந்த ஊர்களில் மாட்டுச் சடலங்கள் குவிந்து நாறிக்கொண்டிருந்தன. மரம் குறைந்தது என்பதும் பொருந்தவில்லை. பரத்பூர்ப் பூங்காவில் மரங்கள் அப்படியே நின்றன. பூச்சிக்கொல்லி விடைக்கு வந்த சிக்கல் நுட்பமானது. முட்டையோடு மெலிந்தால் குஞ்சுகள் குறையும், முதிர்ந்த பறவைகள் மெதுவாக வயதாகி மறையும். இங்கே நடந்தது அதுவல்ல. முதிர்ந்த பறவைகளே செத்து விழுந்துகொண்டிருந்தன. ஆண்டுக்கு ஒரே முட்டை இடும், இனப்பெருக்கத்துக்கு ஏறத்தாழ 5 ஆண்டுகள் காத்திருக்கும் பறவைக்கு முதிர்ந்தவற்றின் சாவுதான் அழிவு.

கிருமி என்ற விடை இவற்றையெல்லாம்விட வலுவாக இருந்தது. சாவு பரவிய வேகமும், தலை தொங்கிய அறிகுறியும், ஒரே பேரினத்தைச் சேர்ந்த பாறுகளே கூடுதலாகச் செத்ததும் அதற்கு ஆதரவாக நின்றன. புதிய வைரஸ் ஒன்று இந்தியாவிலிருந்து மேற்கே நகர்ந்து ஆப்பிரிக்காவையும் ஐரோப்பாவையும் எட்டிவிடும் என்று 2003 வாக்கில்கூட அஞ்சினார்கள். அன்றைய தரவுகளை வைத்துப் பார்த்தால் அது அறிவற்ற ஊகமல்ல. ஆனால் வைரஸ் எதுவும் பிடிபடவில்லை. தலை தொங்கல் வெப்பத்தைத் தணிக்கும் நடத்தையாகவும் இருக்கலாம் என்று பின்னர் பேசப்பட்டது.

பஞ்சாபில் கிடைத்த விடை

புதிரை அவிழ்த்த ஆய்வு பாகிஸ்தான் பஞ்சாபில் நடந்தது. பெரிகிரின் நிதியமும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்நடை நோயியலாளர் லிண்ட்ஸே ஓக்ஸும் 2000 முதல் 2003 வரை செத்த பாறுகளை அறுத்துப் பார்த்தார்கள். வயிற்றைத் திறந்ததும் இதயத்தின் மேலும் கல்லீரலின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவு. அது யூரிக் அமிலப் படிகம். சிறுநீரகம் செயலிழந்து, வெளியேற வேண்டிய கழிவு உறுப்புகளின் மீது படிந்திருந்தது. பார்த்த 259 பறவைகளில் 219இல் இதே காட்சி.

சிறுநீரகத்தைக் கெடுப்பது எது? கன உலோகம், பூச்சிக்கொல்லி, கிருமி என்று வழக்கமானவற்றையெல்லாம் சோதித்தும் ஒன்றும் தேறவில்லை. பிறகு குழு கேள்வியைத் திருப்பிப்போட்டது. பாறு தின்பது மாடு. மாட்டுக்குள் புதிதாகப் போனது என்ன? மருந்துக்கடைக்காரர்களிடமும் கால்நடை மருத்துவர்களிடமும் விசாரித்து, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய, வாய்வழியாக உட்கொண்டாலும் உடலில் ஏறக்கூடிய, அண்மையில் சந்தைக்கு வந்த மருந்து எது என்று தேடினார்கள். ஒரே பெயர் நின்றது: டைக்ளோஃபினாக். மனிதர்களின் மூட்டுவலிக்குக் கொடுக்கும் அதே வலிநிவாரணி. 1990களில் மாட்டின் மடிவீக்கத்துக்கும் காய்ச்சலுக்கும் நொண்டலுக்கும் மலிவான ஊசியாகக் கிராமங்களுக்கு வந்திருந்தது.

சிறுநீரகம் கெட்டுச் செத்த 25 பறவைகளைச் சோதித்தபோது 25இலும் அந்த மருந்து இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13இல் ஒன்றில்கூட இல்லை. ஊசி போட்ட விலங்கின் இறைச்சியைக் கூண்டுப் பாறுகளுக்குக் கொடுத்தபோது அவையும் அதே வெள்ளைப் படிவோடு இறந்தன. 2004இல் 'நேச்சர்' இதழில் முடிவுகள் வெளியாயின. அதே ஆண்டிலேயே இந்திய, நேபாளப் பறவைகளின் உடலிலும் இது உறுதியானது.

இந்த விடைக்கு எழுந்த கடுமையான மறுப்பு எண்ணிக்கை சார்ந்தது. எல்லா மாட்டுக்கும் ஊசி போடுவதில்லை, போட்டாலும் பெரும்பாலானவை பிழைத்துவிடுகின்றன, பிறகு எப்படிக் கோடிக்கணக்கில் பறவைகள் சாகும் என்பது அது. ரைஸ் கிரீன் தலைமையில் போட்ட கணக்கு இதற்குப் பதில் சொன்னது. 760 சடலங்களில் ஒன்று, அல்லது அதிகபட்சம் 130இல் ஒன்று நஞ்சாக இருந்தாலே கண்ட வீழ்ச்சி நேர்ந்துவிடும். ஒரு மாட்டைச் சுற்றிப் பத்துகளில் பாறுகள் கூடும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வேறொரு மாட்டைத் தேடும். ஓர் ஆண்டில் ஒரு பறவை உட்காரும் பந்திகளை எண்ணிப் பார்த்தால் கணக்கு விளங்கும். 2004, 2005ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் சேகரித்த 1,848 சடல மாதிரிகளில் ஏறத்தாழ 10 விழுக்காட்டில் மருந்து இருந்தது. தேவைப்பட்டதைவிடப் பல மடங்கு.

இந்த விடைக்குள்ளும் இருட்டு மூலைகள் உண்டு. மருந்து பாறின் சிறுநீரகத்தை எந்த வழியில் கெடுக்கிறது என்பதில் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உள்ளன. அமெரிக்காவின் வான்கோழித் தலைப் பாறு, நம் பாறுகளைக் கொல்லும் அளவைப்போல் நூறு மடங்குக்கும் மேல் கொடுத்தும் சாகவில்லை. இனத்துக்கு இனம் இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, சோதிக்கப்படாத செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு ஆகியவற்றின் வீழ்ச்சியையும் அதே மருந்தின் தலையில் கட்டுவது நியாயமான ஊகம் என்ற அளவிலேயே நிற்கிறது.

ஒரு நாட்டின் விடை மறுநாட்டுக்குப் பொருந்துமா?

தெற்காசியாவை விட்டு வெளியே போனால் கதை மாறுகிறது. ஆப்பிரிக்காவில் எட்டு வகைப் பாறுகளை ஆராய்ந்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை, பதிவான சாவுகளில் ஏறத்தாழ 61 விழுக்காட்டுக்கு நஞ்சையும், 29 விழுக்காட்டுக்கு நாட்டு மருந்துக்கும் மாந்திரீகத்துக்குமான வணிகத்தையும் காரணமாகச் சொன்னது. யானை வேட்டையாடுவோருக்குப் பாறு எதிரி. வானில் அது வட்டமிட்டால் வனக்காவலர்கள் வந்துவிடுவார்கள். அதனால் யானைச் சடலத்திலேயே நஞ்சு தடவுகிறார்கள். 2019 ஜூனில் போட்ஸ்வானாவில் இப்படி ஒரே இடத்தில் 537 பாறுகள் செத்தன. கம்போடியாவில் டைக்ளோஃபினாக் பெரிதாகப் பயன்படவில்லை. அங்கே காட்டு விலங்குகள் வேட்டையில் தீர்ந்துபோனதும் நஞ்சு வைப்பதுமே காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இந்தியச் சமவெளியில் தோற்ற உணவுக் குறைவு விடை அங்கே உயிரோடிருக்கிறது.

ஐரோப்பாவிலும் அது ஒருமுறை உயிர்பெற்றது. பித்துப்பசு நோய்க்கு அஞ்சி 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் கால்நடைச் சடலங்களை வெட்டவெளியில் விடக்கூடாது என விதித்தது. ஸ்பெயினின் பாறுகள் பசியில் அலைந்தன. பின்னர் விதி தளர்த்தப்பட்டது. அதே ஸ்பெயின் 2013இல் டைக்ளோஃபினாக்கைக் கால்நடைகளுக்கு அனுமதித்தது. இந்தியாவில் என்ன நடந்தது என்று உலகமே அறிந்து ஏறத்தாழ பத்தாண்டு கழித்து இது நடந்தது என்பதை எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. கண்காணிப்பும் சடலம் அகற்றும் ஒழுங்கும் இருப்பதால் ஆபத்தில்லை என்பது அவர்களின் வாதம். 2020இல் கட்டலோனியாவில் ஒரு கரும்பாறு அம்மருந்தாலேயே இறந்தது உறுதியானது. ஒரு பறவையின் சாவு ஓர் இனத்தின் வீழ்ச்சியாகாது என்பது உண்மை. எனினும், ஒழுங்கு எங்கே ஓட்டை விடும் என்பதை அது காட்டிவிட்டது.

தடை செய்தது என்ன, செய்யாதது என்ன

இந்தியா 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. பாகிஸ்தானும் நேபாளமும் அதே ஆண்டில், வங்கதேசம் 2010இல். அறிவியல் முடிவு வந்து இரண்டே ஆண்டில் சட்டம் வந்தது பாராட்டத்தக்க வேகம். மாற்று மருந்தும் உடனே கிடைத்தது. பாறுகளுக்கு மெலாக்சிகாம் தீங்கில்லை என்று 2006இலேயே சோதித்து உறுதிப்படுத்தினார்கள்.

தடை வந்தபின் சடலங்களில் மருந்து தென்படுவது முதல் சில ஆண்டுகளில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அற்றுப்போகவில்லை. மனிதர்களுக்கான ஊசி மருந்து 30 மில்லி குப்பியில் தாராளமாகக் கிடைத்தது. மனிதருக்கு 3 மில்லி போதும், 30 மில்லி யாருக்கு என்று கேட்டால் விடை தொழுவத்தில் இருந்தது. 2007 முதல் 2010 வரை 11 மாநிலங்களின் மருந்துக்கடைகளில் ஆள் அனுப்பி விசாரித்தபோது 36 விழுக்காட்டுக் கடைகள் மாட்டுக்கென்று டைக்ளோஃபினாக்கை விற்றன. 2015இல் அரசு குப்பியின் அளவை 3 மில்லியாகச் சுருக்கியது. மாட்டுக்கு ஊசி போட ஐந்தாறு குப்பி உடைக்க வேண்டும், கைக்கும் வேலை, காசுக்கும் கேடு. இந்தச் சிறு மாற்றத்தின் பின்னால் இருந்த யோசனை நுட்பமானது. அதை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் சென்னை உயர்நீதிமன்றம் சென்றன. 2017இல் நீதிமன்றம் கட்டுப்பாட்டை உறுதிசெய்தது.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறு பெயர்களில் இருந்தது. கீட்டோபுரொஃபென் பாறுகளைக் கொல்லும் என்று 2010 வாக்கிலேயே தெரியும். அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும் என்பது 2016இல் தெளிவானது. இரண்டையும் இந்தியா தடை செய்தது 2023இல். நிமெசுலைடுக்குத் தடை வந்தது 2024 டிசம்பர் இறுதியில். ஃப்ளூனிக்சின் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஒரு மருந்தைத் தடுத்தால் அதன் இடத்தில் இன்னொன்று வருகிறது, அது கொல்லுமா என்று பார்க்கப் பல ஆண்டுகள், தடுக்க மேலும் பல ஆண்டுகள். புதிய வலிநிவாரணி எதுவும் மாட்டுக்கு அனுமதி பெறும் முன்பே பாறுகளுக்குத் தீங்கற்றது என்று சோதிக்கப்பட வேண்டும் என்பது பாதுகாப்பாளர்களின் கோரிக்கை. சோதனைக்குப் பிடிக்கும் பறவைகளே அருகியவை, செலவு அதிகம் என்பவை எதிர்வாதங்கள். இந்த எதிர்வாதங்களில் உண்மை உண்டு. ஆனால் இதுவரை கண்ட முறையில் அந்தச் செலவைக் காட்டிலுள்ள பறவைகள் தம் உயிரால் கட்டின.

உழவர்மீது பழிபோடும் தொனியும் சிலர் எழுத்தில் உண்டு. வலியில் துடிக்கும் பசுவுக்கு விரைவில் கேட்கும் மருந்தைத் தேடுவது குற்றமாகாது. மெலாக்சிகாம் மெதுவாக வேலை செய்கிறது, போட்ட இடத்தில் எரிகிறது என்ற முறைப்பாடு மருந்து போடுவோரிடம் இருந்தது. வடிவத்தைச் சீர்செய்வது மருந்துத் தயாரிப்பாளரின் கையில் உள்ள வேலை. பாறுகளுக்குத் தீங்கற்றது என அண்மையில் கண்டறியப்பட்ட டோல்ஃபெனாமிக் அமிலம் இன்னொரு வழி.

வளர்த்து விடுவதா, நிலத்தைத் தூய்மையாக்குவதா?

பாதுகாப்பு முயற்சிகளில் மூன்று போக்குகள் தெரிகின்றன. கூண்டில் இனப்பெருக்கம் செய்து திரும்ப விடுவது முதலாவது. ஹரியானாவின் பிஞ்ஜோரில் 2001இல் நோயுற்ற பாறுகளைப் பராமரிக்கத் தொடங்கிய மையம் இனப்பெருக்க மையமாக வளர்ந்தது. மேற்கு வங்கத்தின் ராஜாபத்காவாவிலும் அசாமின் ராணியிலும் போபாலிலும் மையங்கள் எழுந்தன. 2020இல் பிஞ்ஜோரிலிருந்து எட்டு வெண்முதுகுப் பாறுகள் செயற்கைக்கோள் கருவி கட்டி விடப்பட்டன. இனமே அற்றுப்போகாமல் ஒரு வைப்புநிதி வேண்டும் என்ற தர்க்கத்தை மறுக்க முடியாது. இதன் பலவீனத்தைக் கலிபோர்னியாவின் காண்டோர் காட்டுகிறது. 1987இல் கடைசிப் பறவை வரை பிடித்து, மொத்தம் 27ஐக் கூண்டில் வைத்துப் பெருக்கினார்கள். இன்று 500ஐத் தாண்டிவிட்டன. ஆயினும் வேட்டைக்காரர் விட்டுச்செல்லும் சடலங்களில் ஈயக் குண்டுத் துணுக்குகள் இருக்கும்வரை, விட்ட பறவையைத் திரும்பப் பிடித்து இரத்தத்தில் ஈயம் பார்க்கும் வேலை ஓயவில்லை.

நேபாளத்தின் பிதௌலியில் 2006இல் தொடங்கிய 'ஜடாயு உணவகம்' இரண்டாவது போக்கு. முதிய மாடுகளை வாங்கிப் பராமரித்து, அவை இயல்பாக இறந்தபின் நஞ்சற்ற உணவாகப் பாறுகளுக்கு வைக்கிறார்கள். பாறு எங்கும் பறக்கும், ஒரே பந்தியில் மட்டும் உட்காராது என்பதால் இது தனியாக நஞ்சைத் தடுக்காது. ஆனால் ஊர்மக்களைப் பறவையோடு இணைத்ததில் இதற்கு நிகரில்லை.

ஒரு கூட்டைச் சுற்றி 100 கிலோமீட்டர் வட்டத்தை மருந்தில்லாததாக்கும் 'பாதுகாப்பு வலயம்' மூன்றாவது. 2013 முதல் 2018 வரை நேபாளத்தில் பாறுகளின் எண்ணிக்கை ஓரளவு ஏறியதைப் பதிவுசெய்த ஆய்வு, அங்கே கடைகளில் டைக்ளோஃபினாக் ஏறக்குறைய இல்லாமல் போனதையும் சேர்த்தே காட்டியது. கைவசமுள்ள சான்றுகளில் நம்பிக்கை தருவதில் முதன்மையானது இதுவே. இந்தியாவில் 2015 வாக்கில் வெண்முதுகுப் பாறு ஏறத்தாழ 6,000, கருங்கழுத்துப் பாறு 12,000, மெல்லலகுப் பாறு 1,000 என்று மதிப்பிட்டார்கள். சரிவு நின்றிருக்கலாம். ஏற்றம் தொடங்கிவிட்டது என்று சொல்ல அந்த எண்கள் போதாது.

பாறு இல்லாத ஊரின் விலை

ஒரு பாறுக் கூட்டம் ஒரு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். அது போனபின் சடலங்கள் நாய்களுக்குப் போயின. 2008இல் வந்த ஓர் ஆய்வு, நாய்ப் பெருக்கத்தால் 1993 முதல் 2006 வரை வெறிநாய்க்கடிக்கு ஏறத்தாழ 48,000 பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் எனக் கணித்தது. 2024இல் ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் இருவரும் வெளியிட்ட பொருளியல் ஆய்வு, பாறுகள் வாழத் தகுந்த மாவட்டங்களையும் அல்லாதவற்றையும் வீழ்ச்சிக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு, 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 லட்சம் கூடுதல் மனித உயிரிழப்புகளைச் சொன்னது. நாயோடு நீர்நிலை மாசும் சேர்ந்த கணக்கு அது.

இரண்டுமே நேரடியாக எண்ணியவை அல்ல, மாதிரிகளின் வழி வந்தவை. பாறின் வயிற்று அமிலம் கிருமிகளைக் கொல்கிறது என்பதும், அதனால் நோய்ப் பரவல் குறைகிறது என்பதும் ஒன்றல்ல. முன்னது ஓரளவு நிறுவப்பட்டது, பின்னதற்குக் களச் சான்று மெலிவு. ஆனாலும் மும்பை மலபார் குன்றில் பார்சிகளின் அமைதிக் கோபுரங்களில் உடல்கள் கரையாமல் கிடந்து, சூரிய ஒளியைக் குவிக்கும் கண்ணாடிகளை வைக்க நேர்ந்தபோது, ஒரு சமூகத்தின் இறுதிச் சடங்கே ஒரு பறவையை நம்பியிருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. அதற்கு மாதிரிக் கணக்கு தேவைப்படவில்லை.

மாயாற்றுக் கரை

தமிழ்நாட்டில் பாறுகளின் கடைசிப் பெரும் இருப்பு நீலகிரிக்கு வடக்கே, முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையிலான மாயாற்றுப் பள்ளத்தாக்கு. ஆற்றோர நீர்மருது மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறு கூடு வைக்கிறது. கூட்டின் கீழே இலைகள் எச்சத்தால் வெளுத்துக் கிடக்கும். ஒரு முட்டை, ஏறத்தாழ 50 நாள் அடைகாப்பு, பிறகு மூன்று நான்கு மாதம் கூட்டிலேயே ஒரு குஞ்சு. கருங்கழுத்துப் பாறு பாறை முகடுகளில் வைக்கிறது.

இக்கூட்டம் ஏன் தப்பியது? புலியும் செந்நாயும் அடித்துப்போடும் மானையும் காட்டெருமையையும் தின்று வாழ்ந்ததால் ஊர் மாட்டின் மருந்து எட்டவில்லை என்பது பரவலான விளக்கம். நம்பத்தக்கதே. ஆனால் பள்ளத்தாக்கை ஒட்டிய சீகூர்ப் பீடபூமியின் கால்நடைகளும் பாறுக்கு உணவுதான். நூறு கிலோமீட்டர் வட்டம் போட்டால் கோவை, மைசூரு, வயநாடு எல்லாம் உள்ளே வரும். புலி அடித்த மாட்டில் ஆத்திரத்தில் தடவும் நஞ்சும் இங்கே தனி ஆபத்து. 2022இல் தமிழ்நாடு அரசு பாறுகளுக்கென மாநிலக் குழு அமைத்தது. காட்டில் இயல்பாக இறந்த விலங்கைப் புதைக்காமல் விடவேண்டும் என்ற கருத்தும் வலுப்பெற்றிருக்கிறது.

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் சேர்ந்து 2023 பிப்ரவரியில் ஒரே நேரத்தில் எண்ணியபோது 246 பாறுகள். அதே ஆண்டு டிசம்பரில் 320. இதை வளர்ச்சி என்று செய்திகள் எழுதின. 320இல் 217 வெண்முதுகுப் பாறு, 50 செந்தலைப் பாறு, 47 கருங்கழுத்துப் பாறு, 4 மஞ்சள்முகப் பாறு, மீதி இரண்டும் வலசை வந்தவை. ஆண்டுக்கு ஒரு முட்டை இடும் பறவை பத்து மாதத்தில் 74 கூடாது. எண்ணிய இடங்களும் பருவமும் மாறியிருப்பதே பெரும்பகுதி விளக்கமாக இருக்கும். எண்ணுவதைக் குறைசொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவ்வளவு பேர் காட்டில் நின்று எண்ணியிராவிட்டால் இந்த ஐயத்தைக்கூட எழுப்ப முடியாது.

இன்னும் மூடாத கேள்விகள்

வட இந்தியச் சமவெளியில் பாறுகளை வீழ்த்தியது டைக்ளோஃபினாக் என்பது, பாதுகாப்பு உயிரியலில் அரிதாகக் கிடைக்கும் உறுதியோடு சொல்லத்தக்க முடிவு. செந்தலைப் பாறுக்கும் மஞ்சள்முகப் பாறுக்கும் அந்த உறுதி இல்லை. தென்னிந்தியாவில் மருந்துக்கு முன்பே சரிவு தொடங்கியதா என்பதற்குப் பழைய கூட்டுப் பதிவுகளையும் அருங்காட்சியக மாதிரிகளையும் திரட்டிப் பார்த்தால் ஒரு பகுதி விடையாவது கிடைக்கக்கூடும். கூண்டில் பிறந்த பறவைகள் காட்டில் எத்தனை ஆண்டு வாழ்கின்றன, தாமே கூடு வைக்கின்றனவா என்பதற்குப் போதிய காலம் கழியவில்லை.

இவற்றுள் உடனடியாகச் செய்யத்தக்கது ஒன்று உண்டு. கடைசி ஊசிக்குப்பின் இரண்டு மூன்று நாளுக்குள் மாடு இறந்தால்தான் அதன் இறைச்சி பாறுகளைக் கொல்லும். ஆக, மீட்சியின் அளவுகோல் வானில் எண்ணும் பறவைகளைவிடத் தரையில் கிடக்கும் சடலத்தின் கல்லீரலில் இருக்கிறது. 2004, 2005இல் ஆயிரக்கணக்கில் மாதிரி எடுத்த அந்த முறையை மாயாற்றைச் சுற்றிய மூன்று மாநிலங்களிலும் ஆண்டுதோறும் செய்து, அதோடு நீர்மருது மரங்களில் முட்டை வைத்த கூடுகளையும் பறந்துபோன குஞ்சுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடுத்த பத்தாண்டின் எண்கள் எதைச் சொல்கின்றன என்று படிக்க முடியும்.